கியர் விழாத வண்டி: பட்டறைக்குப் போன் செய்யுமுன் பார்க்க வேண்டியவை

கடைக்குத் தராசு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இன்று சரக்கு வண்டி. மாட்டு வண்டியில் மூட்டை வந்து இறங்கிய காலம் போய், மளிகைக் கடைக்காரரும் காய்கறி வியாபாரியும் ஆளுக்கொரு சிறிய லோடு வண்டி வைத்திருக்கிறோம். தராசு முள் இம்மி அளவு சாய்ந்தாலும் நம் கண்ணில் பட்டுவிடுகிறது. வண்டியில் கோளாறு என்றால் மட்டும் ‘அது டிரைவர் பாடு, மெக்கானிக் பாடு’ என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அப்படி ஒதுங்கியதால் நமக்கு வந்த நட்டத்தை முதலில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கும்போது நடந்தது இது. மதுரை கீழமாசி வீதியில் வெல்லம், பச்சரிசி, பாசிப்பருப்பு எல்லாம் ஏற்றி முடித்தாயிற்று. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். என்ஜின் ஓடுகிறது, கியர் விழவில்லை. முதல் கியருக்குத் தள்ளினால் கரகரவென்று சத்தம். ரிவர்சுக்குத் தள்ளினாலும் அதே சத்தம். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். டிரைவர் பதறிப்போய் நமக்குப் போன் செய்து, “அண்ணாச்சி, கியர் விழ மாட்டேங்குது. கியர் பாக்ஸ் போயிருச்சு போல” என்றார். நாமும் உடனே பட்டறைக்குப் போன் செய்து, “கியர் பாக்ஸ் போய்விட்டது, ஆள் அனுப்புங்கள். பொங்கல் அவசரம்” என்று சொன்னோம்.

மூட்டைகளை வாடகை வண்டிக்கு மாற்றினோம். அதற்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி இரண்டு முறை. நமது வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. மறுநாள் மாலைதான் உண்மை தெரிந்தது. கிளட்ச் ஒயர் பெடல் முனையில் பிரிந்து, நாலைந்து இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. சில நூறு ரூபாய் ஒயர். ஆனால் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றிய கூலியும், இழுத்துப் போன செலவும், இரண்டு நாள் வாடகை வண்டியும் சேர்ந்து அந்த ஒயரைப் போல் பல மடங்கு ஆகிவிட்டது. பொங்கல் நேரத்தில் இரண்டு நடை சரக்கு வராமல் போன வியாபாரம் தனி.

மெக்கானிக்கிடம் கோபித்துக்கொண்டோம். அவர் நிதானமாக, “நீங்கதானே அண்ணாச்சி கியர் பாக்ஸ் போச்சுன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. வைத்தியரிடம் போய் ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்லாமல் ‘குடல் கெட்டுவிட்டது’ என்று நாமே சொன்னால் அவர் குடலைத்தான் பார்ப்பார். கோளாறு என்ன என்று தீர்ப்புச் சொல்லாமல், வண்டி என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதை மட்டும் சரியாகச் சொல்லியிருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. அதைச் சரியாகச் சொல்ல நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சில சோதனைகள் தெரிந்தால் போதும்.

மாவு மில் பெல்ட்டும் கிளட்சும்

பழைய மாவு மில்லில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். பெல்ட்டை வெறும் சக்கரத்துக்குத் தள்ளிவிட்டால் கல் நின்றுவிடும். திரும்பத் தள்ளினால் கல் சுற்றும். வண்டியில் அந்த வேலையைச் செய்வது கிளட்ச்.

என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃபிளைவீல் ஒரு பக்கம். கியர் பாக்சுக்குள் போகும் தண்டில் பொருந்திய கிளட்ச் பிளேட் நடுவில். அதை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் மறுபக்கம். பெடலை மிதித்தால் ஒயரோ, எண்ணெய் அழுத்தமோ ஒரு கவையைத் தள்ளும். கவை ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பிரஷர் பிளேட் பிடியை விடும். அப்போது என்ஜின் ஓடினாலும் கியர் பாக்சுக்குள் வேகம் போகாது. அந்த நேரத்தில்தான் கியர் சத்தமில்லாமல் விழும்.

பிடி முழுதாக விடவில்லை என்றால் கியர் பாக்ஸின் உள்தண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லில் நிற்கிற பல்லைச் சேர்க்கப் பார்த்தால் கரகர சத்தம்தான் வரும். ஆகவே கியர் விழவில்லை என்பது கியர் பாக்ஸின் கோளாறாக இருக்கலாம், அதற்கு முன்னால் இருக்கும் கிளட்சின் கோளாறாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. எது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

முதல் சோதனை: என்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து, கியர் லீவரை ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். ரிவர்சையும் விடாதீர்கள். ஏதாவது ஒரு கியர் முரண்டு பிடித்தால் உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். நிற்கிற பல்லும் பல்லும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தாலும் அப்படி ஆகும். நியூட்ரலில் வைத்து வண்டியைக் கையால் சற்றே அசைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பாருங்கள்.

இதன் பலன் மூன்று விதமாக இருக்கும்.

1. என்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் நன்றாக விழுகிறது, ஓடும்போது எதுவும் விழவில்லை என்றால், கிளட்ச் பிடியை விடவில்லை. கியர் பாக்ஸ் பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

2. என்ஜின் நின்றிருக்கும்போதும் எந்தக் கியரும் விழவில்லை, அல்லது லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, அல்லது ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டது என்றால், லீவரிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் கம்பியிலோ, இணைப்பிலோ, கியர் பாக்சுக்கு உள்ளேயோ கோளாறு.

3. ஒரே ஒரு கியர் மட்டும் விழவில்லை அல்லது சத்தம் போடுகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், கிளட்சைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கியருக்குரிய உள்பாகம் தேய்ந்திருக்கிறது.

கீழமாசி வீதியில் அன்று இந்தச் சோதனையைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முதல் வகை என்று தெரிந்திருக்கும்.

இரண்டாவது சோதனை: ரிவர்ஸ் கியர்

என்ஜினை மெதுவோட்டத்தில் ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து வினாடி பொறுத்திருந்து ரிவர்சைப் போடுங்கள். பின்னால் ஆள் யாரும் நிற்கக் கூடாது. முன்னால் போகும் கியர்களில் பல்லின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம் இருக்கும். அதை சின்க்ரோ ரிங் என்பார்கள். அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1928-ல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் டிரைவர்கள் இரண்டு தரம் கிளட்ச் மிதித்து வேகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கியர் மாற்றுவார்கள். நமது சிறிய வண்டிகள் பலவற்றில் ரிவர்சுக்கு மட்டும் இந்த வளையம் கிடையாது. ஆகவே கிளட்ச் சிறிதளவு பிடித்துக்கொண்டிருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். ஐந்து வினாடி பொறுத்த பிறகும் கரகரவென்றால் கிளட்ச் விடவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்ஜின் மெதுவோட்டமே அதிகமாக வைத்திருந்தாலும் ரிவர்ஸ் சத்தம் போடும். அதையும் கவனிக்க வேண்டும்.

கிளட்ச் விடவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குப் போவதே முறை.

முதலில் பெடலுக்கு அடியில் பாருங்கள். நமது வண்டிகளில் மேட்டுக்குப் பதிலாக மடித்த சாக்கைப் போட்டிருப்பார்கள். அது சுருண்டு பெடலுக்குக் கீழே போய்விட்டால் பெடல் முழுதாக இறங்காது. உருண்டு வந்த தண்ணீர் பாட்டிலும் இதே வேலையைச் செய்யும். சிரிக்க வேண்டாம். இதற்காகப் பட்டறை வரை போன வண்டிகளும் உண்டு.

அடுத்து பெடலின் தளர்வு. விரலால் மெல்ல அழுத்தினால் கொஞ்சம் தூரம் சும்மா இறங்கி, பிறகு கனம் தெரிய வேண்டும். எவ்வளவு தூரம் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். தளர்வு கூடிப்போனால் கிளட்ச் முழுதாக விடாது. தளர்வே இல்லாமல் போனால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கியர் விழாமல் கரகரப்பது விடாத கிளட்ச். கியர் விழுந்து, என்ஜின் அலறியும் வண்டி ஏற்றத்தில் ஏறாமல் திணறுவது வழுக்குகிற கிளட்ச். பிளேட் தேய்ந்தால் வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான். கியர் விழாத வண்டிக்கு வேறு எதையும் பார்க்காமல் முதலிலேயே புது பிளேட் போடச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

ஒயரில் இயங்கும் கிளட்ச் என்றால், பெடல் முனையிலும் கியர் பாக்ஸ் முனையிலும் ஒயரைப் பாருங்கள். இழை பிரிந்திருக்கிறதா, உறை நசுங்கியிருக்கிறதா, முறுக்கும் நட் கழன்று வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகள் இந்த வகை. பெடல் திடீரென்று தரையோடு போய் ஒட்டிக்கொண்டால் ஒயர் அறுந்துவிட்டது என்று பொருள்.

எண்ணெயில் இயங்கும் கிளட்ச் என்றால், பானெட்டுக்குள் இருக்கும் சிறிய டப்பாவில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பெடலை நாலைந்து முறை அடித்து மிதித்த பிறகு கியர் விழுகிறது என்றால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது சிலிண்டருக்குள் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கிறது. பெடலுக்கு மேலே மாஸ்டர் சிலிண்டர் அடியிலும், கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர் அடியிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அந்த டப்பாவில் ஊற்ற வேண்டியது பிரேக் ஆயில் மட்டுமே. டாட் 3, டாட் 4 என்று மூடியிலேயே போட்டிருக்கும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ கடையில் இருக்கும் வேறு எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். இரண்டு, பல வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் அதே ஒரு டப்பாதான். எண்ணெய் குறைந்திருந்தால் கியரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அந்த வண்டியை லோடோடு ஓட்டவே கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும். பிரஷர் பிளேட் விரல்கள் உடைந்திருக்கலாம், கிளட்ச் பிளேட் கோணியிருக்கலாம், கவை தேய்ந்திருக்கலாம். அப்போது கியர் பாக்ஸை இறக்குவது நியாயம். இறக்கிவிட்டால் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. ஒன்றை மாற்றினாலும் மூன்றை மாற்றினாலும் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றே.

ஓடாமல் நின்ற வண்டியும் தண்ணீர் புகுந்த வண்டியும்

நீண்ட நாள் ஓடாமல் ஈரத்தில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்குக்குப் பிறகு ஓடாமல் நின்ற வண்டிகளுக்கும், 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும் 2023 டிசம்பர் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளத்திலும் மூழ்கிய வண்டிகளுக்கும் இந்த ஆபத்து இருந்தது. இங்கேயும் என்ஜின் நின்றால் கியர் விழும், ஓடினால் விழாது. பெடல், ஒயர், எண்ணெய் எல்லாம் சரியாக இருக்கும். ‘இத்தனை நாள் நின்றது’, ‘இவ்வளவு உயரம் தண்ணீர் ஏறியது’ என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். தண்ணீர் புகுந்த வண்டியில் கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

என்ஜின் நின்றும் கியர் விழவில்லை என்றால்

இப்போதும் உடனே கியர் பாக்ஸ் என்று முடிவுக்கு வர வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை அசைக்க, மற்றவர் வெளியிலிருந்து பார்க்கட்டும். லீவர் அசையும்போது கியர் பாக்ஸ் முனையிலும் கம்பி அசைய வேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தாலோ, ஒரு கிளிப் கழன்றிருந்தாலோ லீவர் வெறும் கோலாட்டம்தான். அது சின்னச் செலவு. கம்பி சரியாக அசைந்தும் கியர் விழவில்லை என்றால்தான் உள்ளே கோளாறு. பார்க்கும்போது என்ஜின் நின்றிருக்க வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி எவரும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஒரு ஆள் உயிருக்கு முன்னால் எந்த லோடும் பெரிதல்ல.

சத்தமும் ஒரு சாட்சி. கிளட்சை மிதித்தவுடன் கீச்சென்று சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் சத்தம் இருந்து, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பாக்ஸின் உள்தண்டு பேரிங். எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று டிரைவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் பேச வேண்டியது

‘கியர் பாக்ஸ் போச்சு’ என்று சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: “என்ஜினை நிறுத்தினால் எல்லாக் கியரும் விழுகிறது. ஓடும்போது ஒன்றும் விழவில்லை. ரிவர்ஸ் சத்தம் போடுகிறது. பெடலை அடித்து மிதித்தாலும் மாற்றம் இல்லை.” இந்த நான்கு வார்த்தை கேட்ட மெக்கானிக் ஒயரைப் பார்க்காமல் கியர் பாக்ஸில் கை வைக்க மாட்டார். நமது பட்டறைக்காரர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். தவறான தகவல் கொடுத்து அவர்களைத் தவறான இடத்துக்கு அனுப்புவது பல நேரம் நாம்தான்.

வேலை தொடங்குமுன் பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். ‘இறக்கிப் பார்த்துச் சொல்கிறேன்’ என்றால், இறக்கினால் கூலி எவ்வளவு என்பதை முதலில் பேசிக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை வாங்கிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் பதிவெண் போட்ட பில் கேட்டு வாங்குங்கள். சரக்கு ஏற்றும் வண்டியைத் தொழிலுக்கு ஓட்டும்போது அதன் பழுது செலவில் கட்டிய வரிக்கு உள்ளீட்டு வரவு எடுக்கலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

டிரைவர் சொல்வதைக் கேளுங்கள்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பொங்கலுக்குப் பதினைந்து நாள் முன்பே நமது டிரைவர், “கிளட்ச் ரொம்பக் கீழே போய்த்தான் அண்ணாச்சி விடுது. ஒரு தடவை காட்டிரலாமா?” என்று கேட்டிருந்தார். “பொங்கல் போகட்டும்” என்று நாம்தான் சொன்னோம். வண்டி நின்றபோது, வண்டியைக் கெடுத்துவிட்டாய் என்று அவரையே ஏசினோம். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. ஒயரைக் கையில் கொடுத்த பிறகுதான் அவர் சொன்னது நமக்கு நினைவுக்கு வந்தது. பட்டறைப் பணம் ஒரு சீசனில் திரும்பி வந்துவிடும். ஏசிய சொல்லைத் திரும்ப எடுக்க நாம்தான் அவரிடம் போக வேண்டியிருந்தது. போனோம்.

அதன் பிறகு வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். கிளட்ச், பிரேக், கியர், சத்தம் எதில் மாறுதல் தெரிந்தாலும் டிரைவர் தேதியோடு எழுதுவார். சனிக்கிழமை கணக்குப் பார்க்கும்போது அந்த நோட்டையும் பார்க்கிறோம்.

கிளட்ச் நீடிக்க டிரைவர் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. ஓட்டும்போது காலைப் பெடல் மேல் வைத்திருக்கக் கூடாது. மேட்டில் வண்டியை அரை கிளட்சில் நிறுத்தி வைக்கக் கூடாது. முதலாளி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ‘இன்னும் நாலு மூட்டைதானே’ என்று அளவுக்கு மேல் ஏற்றக் கூடாது. அந்த நாலு மூட்டை ஒவ்வொரு புறப்பாட்டிலும் கிளட்ச் பிளேட்டைத் தின்கிறது. தவிர, 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் சொல்கிறது. நாலு மூட்டை லாபம் அதற்கு ஈடாகாது.

தீபாவளி, பொங்கல், ஆடித் தள்ளுபடி என்று எந்த சீசனும் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வண்டியை ஒரு முறை பட்டறையில் காட்டிவிடுங்கள். கிளட்ச் ஒயர், பிரேக் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் சரக்கு இருப்பைப் பார்ப்பது போல வண்டியின் இருப்பையும் பார்ப்போம். அடுத்த முறை ‘கியர் விழவில்லை’ என்று போன் வந்தால், பட்டறை எண்ணை அழுத்துமுன் டிரைவரிடம் ஒன்று கேளுங்கள்: “என்ஜினை நிறுத்திப் போட்டுப் பார்த்தாயா தம்பி?”